கீறிப் பார்க்காத கட்டில்

ஒரு நல்ல மனிதரைத் திருடன் ஆக்கியது நான்தான். கத்தியால் ஒரு கீறு கீறிப் பார்த்திருந்தால் போதும். செய்யவில்லை.

கொடைக்கானலில் ஒரு பள்ளியில் நான் அப்போது தாவரவியல் ஆசிரியர். அவர் அங்கே தச்சர். விடுதியில் கழற்றி அடுக்கியிருந்த பழைய தேக்குக் கட்டில்களிலிருந்து சில பலகைகள் காணாமல் போயின. அதே வாரம், எங்களிடம் படித்த அவருடைய மகள், அப்பா தன் பொம்மைக்குச் செய்துகொடுத்த மரச்சாமான்களை வகுப்புக்குக் கொண்டுவந்தாள். ஒரு சாண் நீளத்தில் கட்டில், இரண்டு நாற்காலி, கதவு திறந்து மூடுகிற பீரோ. எல்லாவற்றிலும் கனமான கருஞ்சிவப்பு பாலிஷ். அன்று மதியமே அவை தலைமையாசிரியர் மேசைக்குப் போய்விட்டன.

“நீங்க பாட்டனி ஆளு. என்ன மரம்னு சொல்லுங்க” என்றார் தலைமையாசிரியர்.

ஆசிரியர்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். கட்டிலை எடுத்துத் திருப்பினேன். பாலிஷில் மரத்தின் ரேகை தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

“தேக்கு” என்றேன்.

தச்சரையும் அங்கே வரவழைத்திருந்தார்கள். அவர் பதறவில்லை. “பேரிக்கா மரம்ங்க சார். போன மழைக்கு எங்க வீட்டுக்குப் பின்னால சாஞ்சது. அடியில லேசா கீறிப் பாருங்க, தெரிஞ்சிரும்.”

என் பையில் பேனாக்கத்தி இருந்தது. “பார்த்தாலே தெரியுதே” என்றேன். அந்த மாதமே வேலை போய், அவர் குடும்பத்தோடு மலையிறங்கிப் போனார்.

போன வருடம் செண்பகனூரில் என் வீட்டுப் பேரி மரம் விழுந்தது. பேத்தியின் பொம்மைக்குக் கட்டில் செய்தேன். ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன சோலி? பாலிஷ் அடித்துக் காயவைத்தேன். காய்ந்ததும் கையில் எடுத்துத் திருப்பினால், கால்களின் அடியில் மட்டும் பாலிஷ் படாமல் இளஞ்சிவப்பாக, ரேகையே இல்லாமல் வழுவழுவென்று மரம் தெரிந்தது. தேக்கு அப்படி இருக்காது. அதே இளஞ்சிவப்பை அன்று தலைமையாசிரியர் மேசையருகே அந்தக் கட்டிலின் கால்களிலும் பார்த்திருந்தேன். பார்த்துவிட்டுத்தான் தேக்கு என்றேன்.

பேத்திக்கு வேறு விளையாட்டுச் சாமான் வாங்கிக் கொடுத்தேன். கட்டிலைத் தச்சரின் மகளுக்கென்று வைத்துக்கொண்டு, மிச்ச மரத்தில் நாற்காலிகளும் பீரோவும் செய்து முடிக்க மூன்று மாதம் ஆனது. விசாரித்ததில் தச்சர் இறந்துவிட்டார், மகள் கன்னிவாடியில் வாக்கப்பட்டிருக்கிறாள் என்று தெரிந்தது. செய்த சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

இடுப்பில் வீட்டுச் சாவிக்கொத்து தொங்க அவள்தான் கதவைத் திறந்தாள். என்னை அடையாளம் கண்டதும் முகம் இறுகியது. ஊரையும் வேலையையும் சொன்னேன். உள்ளேயிருந்து மாமியார் சிரித்தார். “கொடைக்கானல் வாத்தியாரா? ஸ்வெட்டரோட எறங்கி வந்துட்டீங்களே, வேகலையா?”

பலர் முன்னால் சொன்ன பழியைப் பலர் முன்னால்தான் எடுக்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். அவள் கணவன், மாமியார், பக்கத்து வீட்டுப் பெண் எல்லோரும் இருந்தார்கள். பையை அவளிடம் கொடுத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமியாரின் சிரிப்பு நின்றது. “திருட்டா? ஏத்தா, உங்கப்பா குளிரு ஒத்துக்காம வேலைய விட்டாருன்னுல்ல சொன்ன?”

“அவர் திருடலைங்க. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

“திருடாதவரை எதுக்குங்க அனுப்புனாங்க?”

மகள் என்னைப் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டாள். பையைத் திரும்ப என் கையில் கொடுத்தாள். “எங்கப்பா சாகுற வரைக்கும் இங்க யாருக்கும் தெரியாது சார். நானும் மூச்சு விடல. எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கக் கூடாதா?”

நான் என்ன செய்யட்டும் என்று கேட்டேன்.

“எழுதிக் குடுங்க. படிச்சவங்க எழுத்துன்னா அத்தை நம்பும்.”

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். கால்களின் அடியில் பார்த்ததையும் மறைக்கவில்லை. கையெழுத்திட்டு, விலாசத்தோடு கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவளுக்குப் போன் செய்தேன். கடிதத்தை மாமியார் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாராம். கணவன் நம்புகிறானாம்.

“அத்தை?”

“நம்புறேன்னு சொல்லுது சார். நீங்க வந்துட்டுப் போன அன்னிக்குச் சாவிக்கொத்தக் கேட்டு வாங்குச்சு. இன்னும் திருப்பித் தரல.”