கேட்டதும் கிடைத்த டீ

ஆரணிக்கு வந்த புதிதில் எனக்கும் என் அறையில் தங்கியிருந்தவனுக்கும் ஒரே நாளில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பவர்லூம் ஷெட் ஆட்களுக்காக நடந்த மருத்துவ முகாம். இரண்டு பேருக்கும் ரத்தம் குறைவு, வைட்டமின் டியும் குறைவு. பகல் முழுக்க ஷெட்டுக்குள் நிற்கிறவன் மேல் வெயில் எங்கே படும்? தினம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு வைட்டமின் டி என்று இருவருக்கும் ஒரே மாதிரி கொடுத்தார்கள். "சாப்பாட்டுக்கு அப்புறம்" என்றார் நர்ஸ். அவன் நின்று இன்னும் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தான். எனக்குப் பசி, கிளம்பிவிட்டேன்.

சாப்பாடு இருவருக்கும் ஷெட்டுக்குப் பின்தெருவில் ஒரு அக்கா நடத்தும் மெஸ்ஸில். அவன் சேத்துப்பட்டுப் பக்கத்து ஆள், என் வயதுதான். மாத்திரை அட்டையை அன்றைக்கே அவளிடம் கொடுத்து, "நான் மறந்துடுவேன்க்கா, நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லிவிட்டான். எனக்கு அப்படிக் கேட்க வராது. எட்டாவது பாதியில் கிளம்பி திருப்பூர், ஓசூர், லாரி கிளீனர் வேலை என்று திரிந்தவன். காய்ச்சல் வந்தால் பஸ் ஸ்டாண்டில் படுப்பேன், விட்டதும் எழுந்து வேலை தேடுவேன். என் அட்டை என் சட்டைப்பையில் இருந்தது, எனக்கும் குறைவு என்று அவனிடம்கூடச் சொல்லவில்லை.

கை கழுவியதும் எனக்கு டீ வேண்டும். அந்த டீயிலேயே, யாரும் கவனிக்காதபடி மாத்திரையை விழுங்குவேன். "இந்தாங்க, சர்க்கரை போதுங்களா?" என்று அக்கா உடனே கொடுத்துவிடுவாள். பிறகு அவன் பக்கம் திரும்புவாள்.

"உனக்கு இன்னாடா?"

"எனக்கும் ஒரு டீக்கா."

"ஒதை வாங்குவே. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆவட்டும். டீ குடிச்சா சத்து ஒட்டாதுன்னு நீதானே வந்து சொன்னே?"

"அரை கிளாஸ்க்கா. கண்ணு சொருகுது."

"சொருகட்டும்."

எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உப்புப் போட்டு அவன் கையில் கொடுப்பாள். அது இரும்புச்சத்தை உடம்பில் சேர்க்குமாம். வைட்டமின் டி கொழுப்புள்ள சாப்பாட்டோடுதான் சேருமாம். அதனால் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பில் மிதக்கிற எண்ணெயை அவன் சோற்றில் மட்டும் அள்ளி ஊற்றுவாள். நான் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன். வயிறு எரியும்.

டீ ஆகாது என்று எனக்கும் அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தும் கேட்பதை நிறுத்தவில்லை. கேட்டது உடனே கிடைக்கிற என்னைவிட, கேட்டும் கிடைக்காத அவனுக்குத்தான் எல்லாம் கிடைக்கிற மாதிரி இருந்தது. எனக்கும் அவள் ஒருமுறை இல்லை என்று சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவன் முகத்தில் தெளிவு வந்தது. நான் மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கினேன்.

ஒருநாள் மதியம் மாத்திரை அட்டையை எடுத்து, அவள் கண்ணில் படுகிற மாதிரி தட்டுக்குப் பக்கத்தில் வைத்து டீ கேட்டேன். அக்கா வந்தாள். அட்டையை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கிளாஸை வைத்தாள்.

கிளாஸைப் பிடித்து இழுத்தவன் அவன்தான்.

"யோவ், இது நான் போடற மாத்திரையாச்சே! இத்தினி நாளா டீயிலயா முழுங்கிகினு இருந்தே?"

தடுக்க ஒரு கை வந்தது. அது அவன் கையாகப் போனது. எனக்கு இன்னும் எரிந்தது.

"உங்களுக்கும் கொறைச்சலுங்களா? சொல்லவே இல்லியே" என்றாள் அக்கா.

"நீங்க கேக்கலியே."

"கேட்டா சொல்ற ஆளா நீங்க? எந்த ஊருன்னு கேட்டதுக்கு எல்லா ஊரும்தான்னீங்க. என்னைக்குப் பையத் தூக்கினு கெளம்புவீங்களோ. கேட்டதக் குடுத்துட்டுப் போவோம்னு இருந்துட்டேன்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. கலசப்பாக்கத்தில் ஒரு வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டு நான் போக யோசித்துக்கொண்டிருந்த வாரம் அது.

"விடுக்கா, அவருக்கும் ஒண்ணு பிழி" என்றான் அவன். அன்றைக்கு ஒரு பழம்தான் இருந்தது. அறுத்து, அவன் கிளாஸில் முதலில் பிழிந்தாள். அந்தப் பாதியில்தான் சாறு அதிகம் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் டீ கேட்டேன். "உங்களுக்கும் கெடையாதுங்க" என்றாள், மரியாதையாக. கலசப்பாக்கத்துக்கு நான் போகவில்லை. இப்போது என்னாலும் நிற்காமல் மாடி ஏற முடிகிறது. ஆனால் ஒதை வாங்குவே என்று அவள் இன்னும் அவனிடம்தான் சொல்கிறாள்.