ஐந்தடி இடைவெளி

தையல்காரியின் கொட்டகையை இடித்து முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. வீட்டு முன்புறத்தில் தகரம் போட்டு, ஒன்பது வருடமாக இரண்டு மெஷின் ஓட்டிய இடம். அனுமதி இல்லாத கட்டுமானம் என்று நகரசபையில் புகார் கொடுத்தவர் பக்கத்து வீட்டு டைல்ஸ் கடைக்காரர். தெருவில் அவருக்கு மீசை என்று பெயர். தன் கார் திரும்புவதற்குக் கொட்டகை இடைஞ்சல் என்பதுதான் அவருடைய குறை.

தகரம் சரியும்போது அவர் வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். "நான் என்னம்மா பண்றது? கட்டுறதுக்கு முன்னாடி பர்மிஷன் வாங்கணும்னு தெரியாதா?"

தெரியாதுதான். தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தாள்.

செவ்வாய்தோறும் நகரசபையின் கட்டடப் பிரிவில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய கேள்விகள் தாங்காமல் அங்கிருந்த பெண் எழுத்தர் விதிப் புத்தகத்தையே கையில் கொடுத்துவிட்டார். எல்லைச் சுவரிலிருந்து எத்தனை அடி விட வேண்டும், எத்தனை மாடி எழுப்பலாம், வரைபடத்தில் இல்லாததைக் கட்டினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில் இருந்தது. படிக்கப் படிக்க, இது ஒன்றும் அளவெடுத்துத் துணி வெட்டுவதைவிடப் பெரிய வித்தை இல்லை என்று தோன்றியது. முதலில் தன் கொட்டகைக்கு முறைப்படி மனுப் போட்டு, கொஞ்சம் சின்னதாகக் கட்டிக்கொண்டாள்.

அடுத்த வருடம் மகனை மேல்மாடியில் தனிக்குடித்தனம் வைக்க, மீசை பழைய வீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட ஆரம்பித்தார். அவள் மனுக் கொடுத்து அவருடைய வரைபடத்தின் நகலை வாங்கினாள். ஒரு மாடிக்குத்தான் அனுமதி. அவள் வீட்டுப் பக்கம் ஐந்தடி காலியாக விட வேண்டும். கொத்தனார்கள் சாப்பிடப் போன நேரத்தில் தன் டேப்பைப் பிடித்துப் பார்த்தாள். அஸ்திவாரத்துக்கும் எல்லைக்கும் நடுவே ஒன்றரை அடிதான் இருந்தது.

நகலை மடித்து மெஷின் டிராயரில் போட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

பதினான்கு மாதம் பொறுத்தாள். சுவர் ஏறி அவள் சமையலறை இருண்டது. இரண்டாவது மாடியும் எழும்பியது. டைல்ஸ் பதித்து, வண்ணமும் அடித்தாயிற்று. மீசையின் மருமகள் ஜன்னலுக்குத் திரைத்துணி பார்க்கத் தொடங்கினாள். அன்றைக்குத் தையல்காரி நகலோடும், தான் எடுத்து வைத்திருந்த தேதிவாரியான புகைப்படங்களோடும் புகாரைக் கொடுத்தாள்.

மீசை பார்க்காத ஆள் இல்லை, பிடிக்காத கால் இல்லை. காகிதத்தில் இருந்த அளவை யாராலும் மாற்ற முடியவில்லை. இரண்டாவது மாடியையும் அவள் பக்கத்துச் சுவரையும் இடிக்க உத்தரவு வந்தது.

மீசையின் மனைவி கொட்டகைக்கு வந்து அழுதாள். "அவர் பண்ணினதுக்கு எம் புள்ளை என்னம்மா பண்ணுவான்? கொஞ்சம் மனசு வையேன்."

தையல்காரி தண்ணீர் கொடுத்தாள். "அக்கா, என் மெஷின் மேல தகரம் விழுந்தப்ப நீங்க ஜன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தீங்க."

அந்த அம்மாள் தண்ணீரைக் குடிக்காமலே எழுந்து போனாள்.

சாப்பிடும்போது கணவன் மெதுவாகக் கேட்டான். "அஸ்திவாரம் போடும்போதே சொல்லியிருந்தா அவருக்கு இவ்வளவு நஷ்டம் வந்திருக்காதே?"

"அதனாலதாங்க சொல்லல."

அவன் தட்டைப் பார்த்தபடி கையைக் கழுவினான்.

இடிப்பு பதினோரு நாள் நடந்தது. என்றாவது அவளுக்கு மனசு உறுத்தும் என்று கணவன் காத்திருந்தான். உறுத்தவில்லை. தூசி வந்து துணியில் படிந்தது. உதறிவிட்டுத் தைத்தாள், கதவைச் சாத்தவில்லை. மேலே, கூரை போன தளத்தில், மீசை தரையில் உட்கார்ந்து உடையாத டைல்ஸை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.