உப்புக் கூடிய கஞ்சி

ஊரே அக்கா முறை வைத்துக் கூப்பிடுகிற லைலா ராத்தாவிடம் ஒரு போத்தல் வைட்டமின் வாங்குவதைவிடக் கல்யாணம் பேசி முடிப்பது லேசு. சாய்ந்தமருதில் அவருடைய சின்ன மருந்துக்கடைக்குள், அந்தப் பாமசிக்குள் போய், "சத்துக் குளிசை தாங்க" என்று கேட்டுப் பாருங்கள். "காலையில என்ன தின்ட? ராவைக்கு நித்திரையா?" என்று தொடங்கிவிடுவார். இவர் வியாபாரியா, பொலிஸா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வேறு கடைக்குப் போகமாட்டேன்.

போன வருசம் என் தங்கச்சி பஹ்மிதா வாடிக்கொண்டே போனாள். மாமியார் படுக்கையில், மகனுக்குப் பள்ளிக்கூடச் சோதனை, எல்லாம் அவள் தலையில்தான். ஆள் மெலிந்து, முகம் கறுத்துப் போனது. கவலையும் யோசனையும்தான் காரணம் என்று எல்லாரும் சொன்னோம். அவளைக் கட்டின மாப்பிள்ளை நிஸாம் போனில் எதையோ பார்த்துவிட்டான். மன அழுத்தத்தில் அட்ரினல் சுரப்பி களைத்துவிடுமாம். வைட்டமின் சி, பி5, மக்னீசியம் எடுத்தால் சரியாகுமாம். நோன்பு தொடங்கிய கையோடு என்னையும் கூட்டிக்கொண்டு பாமசிக்குப் போனான்.

"தம்பி, கொய்யாவுலயும் கீரையிலயும் இல்லாத சத்தா? குறைபாடு எண்டு டொக்டர் சொன்னா நானே எடுத்துத் தாறன். மனிசி இப்பிடி மெலியிறத்துக்குக் காரணம் தெரியாமப் போத்தல் தர ஏலா. முதல்ல டொக்டரிட்டக் காட்டுங்க" என்றார் லைலா.

"நோன்பு முடியட்டும் ராத்தா" என்று சொன்ன நிஸாம், நேரே கல்முனைக்குப் போய்ப் பை நிறைய வாங்கி வந்தான். பஹ்மிதாவும் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழும்பி ஒழுங்காக விழுங்கினாள். ஒரு மாற்றமும் இல்லை.

எங்கள் தெருவில் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நோன்புக் கஞ்சி வீட்டுக்கு வீடு போகும். அந்த வருசம் பஹ்மிதாவின் கஞ்சி வாயில் வைக்க முடியாத உப்பு. யாராவது குறை சொன்னோமா? இல்லை. நோன்போடு ஆக்குகிறவள் எப்படி ருசி பார்ப்பாள் பாவம் என்று சுடுதண்ணீர் கலந்து குடித்தோம்.

ஒருநாள் நோன்பு திறக்கிற நேரம், நாங்கள் இருந்த பஹ்மிதாவின் வீட்டுக்கு அழைக்காமலே லைலா பேரீச்சம்பழத்தோடு வந்து உட்கார்ந்தார். பள்ளிவாசலில் வாங்கு சொன்னது. கஞ்சியில் ஒரு மிடறு, என் முகம் கோணிப் போனது. பஹ்மிதாவோ குடித்துப் பார்த்துவிட்டு, உப்புப் போத்தலை இழுத்துத் தன் கோப்பையில் இன்னும் போட்டாள்.

"கடலையே குடிப்பாய் போல கிடக்கு!" என்று நான் சிரித்தேன். லைலா சிரிக்கவில்லை.

"புள்ள, கைய விரி." உள்ளங்கை ரேகையெல்லாம் கறுத்திருந்தது. "இந்த உப்பு ஆசை எப்பதொட்டு?"

"கன நாளா ராத்தா. எழும்பினாத் தல சுத்துது." சொல்லிக்கொண்டே எழும்பியவள் அப்படியே சுவரோடு சரிந்தாள்.

"அல்லாஹ்வே! நிஸாம், ஓட்டோவக் கூப்பிடு!"

"விடியப் போவமே ராத்தா..."

"விடியுமட்டும் ஆரு பொறுப்பு, நீயா? இது என்ன நோய், என்ன வருத்தமெண்டு எனக்குத் தெரியா. ஆனா போத்தல்ல தீர்ற களைப்பில்ல."

அவர் போட்ட சத்தத்தில் நிஸாம் செருப்பில்லாமல் ஓடினான். கடையைப் பூட்டியே விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் அவளுடைய தலைமாட்டில் லைலாதான் இருந்தார். அந்த மனிசிக்கு நாங்கள் சொந்தமா, பந்தமா? யோசனையால் வந்த களைப்பல்ல, சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அந்தச் சுரப்பியே பழுதாகிவிட்டது என்றார் டொக்டர். உடம்பு உப்பைப் பிடித்துவைக்க முடியாமல் தவித்திருக்கிறது. சுரப்பி தராததை எந்த வைட்டமினும் தராது. அதற்கென்று உள்ள குளிசையை ஆயுள் முழுக்கக் குடிக்க வேண்டும். இன்னும் சுணங்கியிருந்தால் அவளை உயிரில்லாத மையத்தாகத்தான் வீட்டுக்குக் கொண்டு வந்திருப்போம்.

இந்த வருசம் பஹ்மிதா நோன்பு பிடிக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். முதல் நாள், தலைநோன்பன்று அழுதழுது கண் வீங்கிப்போய்க் கிடந்தாள். லைலா வந்து பானையை எடுத்து அடுப்பில் வைத்தார்.

"அழுறத நிப்பாட்டு. நான் நோன்பு. எனக்குத் திறக்கக் கஞ்சி வேணும், ஆக்கு."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஆக்கினாள். கரண்டியால் எடுத்து, ஊதி, ருசி பார்த்தாள். வாங்கு சொன்னதும் லைலா குடித்தார். ஊரையே கேள்வி கேட்கிற அந்த மனிசி கோப்பையைக் கடைசிச் சொட்டுவரை காலியாக்கினார். அவருடைய கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"உப்பு அளவா இரிக்கி புள்ள" என்றார்.