துஷ்யந்தி மொழிபெயர்த்த கூட்டம்

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் பிரெஞ்சுக் கடிதம் ஒன்று கைக்கு வந்தால் பலரும் தேடிப் போவது துஷ்யந்தியைத்தான். அவளுக்குப் புடவைக்கடையில் வேலை. துணி விரிக்கும் மேசையிலேயே கடிதத்தையும் விரித்துப் படித்து, பதில் எழுதிக் கொடுப்பாள். கொதித்துக்கொண்டு வருபவர்கள் சொல்லும் வசவுகளை எழுதமாட்டாள். மரியாதையாகத் தொடங்கி, கோபத்தை வேண்டுகோளாக்கிவிடுவாள். அதனால் நடந்த காரியங்கள் பல.

சொந்தக் காரியம்தான் நடக்கவில்லை. ரூ பஜோல் தெருவுக்குப் பின்னால், ஐந்தாம் மாடியில், ஒரே அறையில் கணவன் உதயனோடும் இரண்டு மகள்களோடும் இருக்கிறாள். மூத்தவள் நிரோஜினிக்குப் பதினைந்து வயது. பரீட்சை வந்தால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பாள். அரசாங்க வாடகை வீட்டுக்கு விண்ணப்பித்து ஒன்பது வருடமாகிறது.

கடை முதலாளி ஸ்ரீஸ்கந்தராசா நல்ல மனிதர். துஷ்யந்தியின் விசாவுக்கு வேலைக் கடிதம் தேவைப்பட்டபோது, கேட்ட அன்றே கையெழுத்திட்டுத் தந்தவர். புறநகரான சார்செலுக்கு அப்பால் ஒரு சிறு நகரத்தில் தோட்டத்தோடு தனிவீடு வாங்கியிருந்தார். போன வசந்தத்தில் அந்த ஊர் நகரசபை, தனிவீட்டுத் தெருக்களில் நான்கு மாடி வரை கட்ட அனுமதிக்கப் போவதாக அறிவித்தது. பக்கத்து வீட்டு றொஜர் எதிர்ப்புக் கையெழுத்து வாங்கத் தொடங்கினார். ஸ்ரீஸ்கந்தராசா முதல் ஆளாகப் போட்டார்.

"கூட்டம் வைக்கினம் பிள்ளை. நானும் கதைக்க வேணும். என்ரை பிரெஞ்சு காணாது, நீ வந்து சொல்லு" என்றார். மறுக்க அவளுக்கு வாய் வரவில்லை.

பள்ளிக்கூட மண்டபத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். நகரசபையில் இருந்து வந்திருந்த ஆன்ஜெலிக் என்ற பெண் வரைபடத்தைக் காட்டி, வீடில்லாதவர்களின் எண்ணிக்கையைச் சொன்னாள். யாரும் அமைதியாகக் கேட்கவில்லை. ஸ்ரீஸ்கந்தராசாவின் முறை வந்ததும் துஷ்யந்தி பக்கத்தில் எழுந்து நின்றாள்.

"இருபத்தெட்டு வருசம் உழைச்சு வாங்கின வீடு. நாலு மாடி எழும்பினா என்ரை தோட்டத்துக்கு வெயில் வராது" என்றார். அவள் பிரெஞ்சில் சொன்னாள். "மேலை இருக்கிறவை எங்கடை முற்றத்தைப் பாத்துக்கொண்டு நிப்பினம்" என்றார். அதையும் சொன்னாள். அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாகவே அவளுக்குப் பட்டது.

பிறகு அவர் குரல் உயர்ந்தது. "இப்பிடிக் கட்டினா ஆர் வருவினம்? ஒரு அறைக்குள்ளை குடும்பமாய்க் கிடக்கிற சனம்தான் வரும். அதுகளுக்கு ஒழுங்கு முறை தெரியாது. தெருவே நாறிப்போம்."

மண்டபம் அவளைப் பார்த்தது. வழக்கம்போல மென்மையாக்கியிருக்கலாம். அவள் ஆக்கவில்லை. ஒரு சொல் விடாமல் அப்படியே பிரெஞ்சில் சொன்னாள். கேட்பவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று நினைத்தாள். அவர்களோ கைதட்டினார்கள். றொஜர் எழுந்து வந்து ஸ்ரீஸ்கந்தராசாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஸ்ரீஸ்கந்தராசா தன் காரில் அவளை ரயில் நிலையத்துக்குக் கொண்டுவந்தார். "நல்லாச் சொன்னாய் பிள்ளை."

"அண்ணை, நாங்களும் ஒரு அறைக்குள்ளைதான் இருக்கிறம்."

"சீ, நான் உங்களைச் சொல்லேல்லை."

"அப்ப ஆரைச் சொன்னியள்?"

அவர் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களும் வந்த புதுசிலை ஆறு பேரோடை ஒரு அறையிலை இருந்தனியள்தானே."

"அது வேறை காலம்" என்றார்.

அன்றிரவு அவள் உதயனிடம் கூட்டம் முடிந்தது என்று மட்டும் சொன்னாள். அந்தச் சொற்களை வாயால் சொன்னவள் தான்தானே என்ற நினைப்பு வாரக்கணக்கில் விடவில்லை. அவர் சொன்னதைத்தான் சொன்னேன் என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். சமாதானம் வரவில்லை.

புரட்டாதியில், திட்டத்தைப் பற்றி யாரும் கருத்து எழுதலாம் என்று அந்த நகரசபையில் ஒரு பதிவேடு வைத்திருந்தார்கள். தன் ஓய்வு நாளில் தனியாக ரயிலேறிப் போனாள். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்காக ஒரு கடிதம் எழுதினாள். ஒரே அறை, குளியலறையில் படிக்கும் மகள், ஒன்பது வருடம். "நாங்கள் ஒழுங்காக வாழத் தெரிந்தவர்கள்" என்று முடித்து, முழுப் பெயரையும் எழுதினாள்.

தை மாதம் முடிவு வந்தது. பேருந்து ஓடும் பெருந்தெருவில் மட்டும் நான்கு மாடி கட்டலாம், உள்தெருக்கள் இருந்தபடியே இருக்கும். ஸ்ரீஸ்கந்தராசாவின் தோட்டம் தப்பியது. அறிக்கையின் பின்னிணைப்பில் கருத்து எழுதியவர்களின் பெயர்கள் இருந்தன. அவருடைய மகன் கிருஷாந்த் அதை வாசித்துக் காட்டியிருக்கிறான்.

மறுநாள் கடை திறந்ததும் கேட்டார். "உன்ரை பேர் கிடக்காம்."

"ஓம் அண்ணை. நான்தான் எழுதினனான்."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம்."

"காருக்குள்ளை சொன்னனான்."

அவர் அவளை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. சம்பளம் நாள் தவறாமல் வருகிறது. ஆனால் தன் கடிதங்களை இப்போது கிருஷாந்திடம் கொடுக்கிறார். அவளைப் பிள்ளை என்று கூப்பிடுவதில்லை. உதயன் வேறு கடை பார்க்கச் சொல்கிறான். அவள் இன்னும் பதில் சொல்லவில்லை.