காற்றுக்குக் கட்டிய சேலை

என் தட்டச்சு இயந்திரத்தை மூடியிருப்பது ஒரு மஞ்சள் சேலைத் துண்டு. ஓரம் நைந்து நூல் நூலாகத் தொங்குகிறது. ஒரு மூலையில் ஊதா மை அப்பியிருக்கிறது. அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பெண், "அக்கா, நல்ல உறையா ஒன்னு வாங்கிக்கக் கூடாதா?" என்று கேட்டாள். காலையில் அதை எடுத்து மடிக்கும்போதெல்லாம் எனக்கு இரண்டு பேர் மீது அருவருப்பு வருகிறது. ஒருவர், அந்த நாளில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, தட்டச்சும் தேறி, பெரியகுளத்தில் வேளாண்மை அலுவலகத்தில் தற்காலிக வேலைக்குச் சேர்ந்தபோது தெருவில் தலையை நிமிர்த்தித்தான் நடந்தேன். அந்த ஆண்டு பருத்திக்குச் சிறு விமானத்தில் மருந்து தெளிக்க ஏற்பாடாகியிருந்தது. பொட்டிப்புரம் பக்கம் தரையைச் சமன்படுத்தி, தெற்கு வடக்காக ஒரு ஓடுதளம் போட்டார்கள். அதில் ஆடு மாடு ஏறாமல் பார்த்துக்கொள்ள, அதே ஊர்க்காரியான என் அம்மாவைக் காவலுக்கு வைத்தார்கள்.

விமானி மலையாளி. தினமும் விடியற்காலையில், காற்று எழுவதற்கு முன் மதுரையிலிருந்து வந்து இறங்குவார். அவர் கேட்டார் என்று அம்மா தன் பழைய சேலையைக் கிழித்து, ஓடுதளத்தின் ஓரத்தில் உயரமான மூங்கிலில் கட்டினாள். துணி துவண்டு தொங்கினால் இறங்குவார். மேற்கு மலையிலிருந்து காற்று குறுக்கே அடித்து, துணி பலகைபோல விறைத்து நின்றால் வட்டமடித்துத் திரும்பிப் போய்விடுவார். "சேச்சி, இது என்றெ கண்ணாணு" என்பார் அம்மாவிடம்; அக்கா, இது என் கண் என்று அர்த்தம். அம்மா இதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அது ஆடி மாதம். தெளிப்பைப் பார்வையிட மதுரையிலிருந்து பெரியவர்கள் வருவதாக இருந்தது. அவர்கள் வசதிக்காக விமானத்தைப் பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார் எங்கள் அதிகாரி. பந்தல், வாழைமரம், வரவேற்பு வளைவு எல்லாம் தயார். குறிப்பெடுக்க நானும் போயிருந்தேன். ஜீப்பை விட்டு இறங்கியதும் அவர் கண்ணில் பட்டது மூங்கில்தான்.

"இதென்னம்மா, துணி காயப்போடுற எடமா? பெரியவங்க வர்ற நேரத்துல பழஞ்சேலை!"

"அய்யா, அது காத்து பாக்குறதுக்கு. பைலட்டய்யா இதப் பாத்துத்தான் எறங்குவாக."

"காத்தடிக்கிறது அவருக்குத் தெரியாதா? அவுத்துப் போடு மொதல்ல."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன். அம்மா அவிழ்த்தாள். அந்தத் துணியாலேயே ஜீப் கண்ணாடியைத் துடைக்கச் சொன்னார் அவர். மூங்கிலைப் பிடுங்க நேரமில்லை.

விமானி பின்னால் சொன்னாராம், மேலிருந்து பார்க்கும்போது மூங்கில் தெரிந்தது, துணி தெரியவில்லை. காற்றில்லாமல் கம்போடு ஒட்டித் தொங்குகிறது என்று நினைத்தேன் என்று. சக்கரங்கள் நேராகத்தான் தரையைத் தொட்டன. வேகம் குறையும்போது மேற்குக் காற்று வாலைப் பிடித்துத் தள்ளியது. மூக்கணாங்கயிறு அறுந்த காளைபோல விமானம் காற்றுப் பக்கமாகத் திரும்பியது. அவர் அடக்கப் பார்த்திருக்கிறார், அடங்கவில்லை. ஒரு இறக்கை தரையில் உரச, அப்படியே சுழன்று பருத்திக்குள் போய்க் கவிழ்ந்தது. அம்மாதான் முதலில் ஓடினாள். விமானியின் வலது கால் முறிந்திருந்தது. அதிகாரி வரவேற்பு வளைவின் கீழே நின்று, மாலை நசுங்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை என்னிடம் ஒரு வாக்குமூலம் சொல்லி அடிக்கச் சொன்னார். அம்மா சொல்வதுபோல. அதில் ஒரு வரி: "காற்றுக்கொடி கட்டாமல் விட்டது எனது கவனக்குறைவே." என் விரல் நின்றது. "உன்னை நிரந்தரத்துக்கு எழுதி வச்சிருக்கேன். அடி" என்றார். அடித்தேன். "ஒரு பிழையில்லையே, பேஷ்!" என்றார். அந்தப் பாராட்டில் எனக்குள் ஒரு கணம் குளிர்ந்தது.

அம்மாவை வரவழைத்தார்கள். "உன் மகளே வாசிச்சுக் காட்டட்டும்" என்றார் அதிகாரி.

"என்னாத்தா எழுதியிருக்காக?"

விமானம் வந்ததை வாசித்தேன். கவிழ்ந்ததை வாசித்தேன். அவள் ஓடிப்போய்த் தூக்கியதை வாசித்தேன். அந்த ஒரு வரியை வாசிக்கவில்லை.

"எம்மக படிச்சா சரியாத்தேன் இருக்கும்" என்று விரலை நீட்டினாள். அதிகாரி ஒரு காகிதத் துண்டை இடையில் வைத்து, தன் கை படாமல் அவள் பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்தினார். அம்மா மையைத் துடைக்க மடியிலிருந்து எடுத்தது, ஜீப் துடைத்த அந்தத் துணியைத்தான்.

நாலு நாள் கழித்து பெரியகுளத்தில் நான் தங்கியிருந்த அறைக்கு அம்மா வந்தாள். அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். காரணம் அந்த வரிதான் என்று ஜீப் ஓட்டுநர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அம்மா திட்டவில்லை.

"அந்த வரி வாரப்ப கண்ணுல தூசி விழுந்திருச்சோ ஆத்தா?"

துவைத்து மடித்த மஞ்சள் துணியை என் கையில் வைத்தாள். "இந்தா, ஒம் மிசினுலயும் தூசி விழுகாம மூடிக்க."

நான் நிரந்தரமானேன். அதிகாரி பதவி உயர்ந்து வேறு ஊர் போனார். விமானி இன்னும் சாய்ந்துதான் நடக்கிறார் என்று கேள்வி. அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். வேளைக்குச் சோறு போடுகிறாள், தலைவலி என்றால் தைலம் தேய்க்கிறாள். ஊரிலிருந்து கடிதம் வந்தால் மட்டும் தபால்காரரையே வாசலில் நிறுத்தி வாசிக்கச் சொல்கிறாள். நான் உள்ளே இருப்பது அவருக்குத் தெரியும்.

இன்றும் ஆடிக் காற்று. அலுவலகச் சன்னல் வழியாகப் புகுந்து மஞ்சள் துணியைத் தூக்கியது. கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டேன்.