சீம்பால் அனுப்பாத வீடு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களில் பாதிப் பேராவது எங்கள் அக்காவிடம் ஒரு காலத்தில் மனத்தாங்கல் கொண்டிருந்தவர்கள்தான். அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்த நாளில் அதைப் போய் எழுதலாமா என்று யோசித்தேன். அதை விட்டுவிட்டு எழுதினால் அது வேறு யாரோ ஒருவரைப் பற்றிய கட்டுரையாகிவிடும். உடன்பிறந்த தம்பி என்ற உரிமையில் இடையிடையே கொஞ்சம் கேலியும் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா குண்டடம் பக்கத்தில் எங்கள் தோட்டத்துச் சாளை வீட்டில் பிறந்தார். மானாவாரி பூமி. மழை பெய்தால் சோளம், பெய்யாவிட்டால் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் மிஷின் ஓட்டிய மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டார். இரண்டு பிள்ளைகள் பிறந்த பிறகு மாமாவுக்கு நெஞ்சில் நோய் கண்டது. பஞ்சுத் தூசி இனி ஆகவே ஆகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டதால் மாமா வேலையை விட்டு வீட்டோடு இருந்தார்.

அக்கா அழுது பார்த்த நினைவு எனக்கில்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, ஜெர்சிக் கலப்பு மாடு ஒன்றை ஓட்டி வந்தார். அந்த வகை மாடு அப்போது எங்கள் வீதிக்குப் புதிது. கம்பெனிகளைச் சுற்றியிருந்த டீக்கடைகளுக்குப் பால் ஊற்றித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள், மாமாவுக்கு மருந்து வந்தது. மாடு படுத்தால் குடும்பமும் படுத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மாடு நிறைசினையாக இருந்தபோது அக்கா அதைக் கவனித்த கவனிப்பைச் சொல்லி முடியாது. கட்டுக் கட்டாக அகத்திக்கீரை போடுவார். எலும்புக்குப் பலம் என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சுண்ணாம்புத் தெளிவுநீரையும் தினமும் தண்ணீரில் கலந்து வைப்பார். மாமாவைக்கூட இப்படிக் கவனிக்கவில்லை என்று நாங்கள் கேலி செய்வோம். மாமாவும் சேர்ந்து சிரிப்பார்.

ஒரு காலை நேரத்தில் மாடு நல்லபடியாகக் கன்று போட்டது. மாடு ஈன்ற வீட்டில் சீம்பாலைத் தான் மட்டும் வைத்துக்கொள்வது நம்மிடம் வழக்கமில்லை. உறவுக்காரர் வீடு ஒவ்வொன்றுக்கும் தூக்குப்போசி என்கிற தூக்குப் பாத்திரத்தில் போக வேண்டும். வாங்கிய வீட்டிலும் போசியை வெறுமனே திருப்பாமல் கொஞ்சம் நாட்டுச் சர்க்கரையோ தானியமோ போட்டு அனுப்புவார்கள். நம்மவர்களுக்கு உறவு எண்ணிக்கையில் குறைவா என்ன? அக்கா மடியில் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் கறந்து ஊருக்கெல்லாம் அனுப்பினார். முதல் போசி, மாமாவுக்குத் தமக்கை முறையும் அக்காவுக்கு நங்கை, அதாவது நாத்தனார், முறையும் ஆகிற அடுத்த வீதி அம்மாளுக்குப் போனது. இனி அவரை நானும் நங்கை என்றே குறிப்பிடுகிறேன்.

மறுநாள் விடிந்தபோது மாடு எழவில்லை. கழுத்தை விலாப்பக்கம் மடக்கிக்கொண்டு கிடந்தது. காது சில்லென்று இருந்தது. கண்ணேறு என்றார்கள் சிலர், கஷாயம் ஊற்று என்றார்கள் சிலர். மாமா இருமிக்கொண்டே போய்க் கால்நடை டாக்டரை அழைத்து வந்தார். மாடு ஒருக்களித்துச் சாயாமல் அணை கொடுக்கச் சொன்னார் டாக்டர். பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் பனியன் வேஸ்ட் துணி மூட்டைகளைத் தூக்கி வந்து இரு பக்கமும் அடுக்கினார்கள். கழுத்து நரம்பில் மருந்து மெதுவாக இறங்க இறங்க மாடு உடம்பைச் சிலிர்த்தது, ஏப்பம் விட்டது, சாணி போட்டது, கொஞ்ச நேரத்தில் தடுமாறி எழுந்து நின்றது. சாணி விழுந்ததற்கு ஒரு வீதியே சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

இதற்குப் பால்காய்ச்சல் என்று பெயர், ஆனால் உடம்பு சுடாது என்று டாக்டர் விளக்கினார். கன்று போட்டவுடன் ரத்தத்திலுள்ள சுண்ணாம்புச் சத்து பெரும்பாலும் பாலில் இறங்கிவிடுவதால் மாடு துவண்டு விழுகிறதாம். அக்காவுக்கு அது பிடிபடவில்லை.

"சுண்ணாம்புத் தண்ணி நெதமும் நாந்தானுங்க வெச்சேன். பின்ன எப்படிங்க கொறையும்?" என்று கேட்டார்.

"அதுதாம்மா தப்பு" என்றார் டாக்டர். "வெளியில இருந்தே தாராளமாக் கிடைச்சா, எலும்புல இருக்கறத எடுத்துக் குடுக்க உடம்பு பழகாது. கன்னு போடற அன்னிக்குத் திடீர்னு தேவைப்படும்போது தடுமாறிப்போயிடும்."

சினையின் கடைசி மாதத்தில் அகத்தியும் சுண்ணாம்பும் வேண்டாம், சோளத்தட்டு போதும், அந்தச் சத்தையெல்லாம் கன்று போட்ட பிறகு கொடுங்கள் என்றார். முதல் இரண்டொரு நாள் கன்று குடித்தது போக, மடி இறுக்கம் தளரும் அளவுக்கு மட்டும் கறக்க வேண்டும், ஒட்டக் கறக்கவே கூடாது என்றும் சொன்னார். அன்பாகச் செய்ததே மாட்டைப் படுக்க வைத்தது என்பது அக்காவை வெகுநாள் வாட்டியது.

அடுத்த ஈற்றில் அக்கா டாக்டர் சொன்ன ஒரு சொல்லையும் தட்டவில்லை. அதனால் யார் வீட்டுக்கும் சீம்பால் போகவில்லை. உறவுக்குள் புகைந்தது. கலப்பு மாடு வந்ததும் கை சுருங்கிவிட்டது என்று பேசினார்கள். மருமகள் பிரசவித்திருந்ததால் அவளுக்குக் கொடுக்கவென்று நங்கை, தன் வீட்டுப் போசியைத் தானே தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"இப்ப ஒட்டக் கறந்தா மாடு விழுந்துருமுங்க நங்கை. நாலு நாள் போகட்டும், பாலாவே கொண்டாந்து தர்றனுங்க" என்றார் அக்கா.

நங்கை வெறும் போசியோடு திரும்பிப் போனார். அதன்பின் அக்கா வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. அக்கா மகள் பெரியவளான சீருக்கும் வரவில்லை. அக்காவுக்கு அது உள்ளுக்குள் வலித்தது. ஆனாலும் ஒவ்வோர் ஈற்றிலும் அதையே செய்தார். அந்த மாடு பிறகு ஒரு முறைகூட விழவில்லை.

சில ஆண்டுகள் கழித்து நங்கையும் ஒரு கலப்பு மாடு வாங்கினார். அது கன்று போட்டதும் வீதி முழுக்கச் சீம்பால் போயிற்று, அக்கா வீட்டுக்கு மட்டும் வரவில்லை. மறுநாள் மாடு விழுந்துவிட்டதாகக் கேள்விப்பட்டு, அழைக்காமலே அக்கா வேஸ்ட் மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடினார். நாங்கள் போனபோது மாட்டின் வாயைத் திறந்து கஷாயம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். "ஊத்தாதீங்க, மூச்சுல எறங்கிரும்" என்று அக்கா சொம்பைப் பிடுங்கினார். டாக்டர் வேறு ஊரில் இருந்தார். அவர் வருவதற்குள் மாடு போய்விட்டது.

நான் சொன்னேனே என்று ஒரு வார்த்தை அக்கா சொல்லவில்லை. நங்கையின் பக்கத்தில் சாணித் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்துத் தன் மாடு போட்ட கிடாரிக்கன்றை, பால்குடி மறந்ததும், அவரே பிடித்துக்கொண்டு போய் நங்கையின் கொட்டகையில் கட்டிவிட்டு வந்தார்.

கடைசி மாதங்களில் வயிற்றுக்கட்டியால் அக்கா படுத்த படுக்கையானார். நங்கைதான் கூடவே இருந்து கஞ்சி ஊட்டினார். அப்போது மாடு மீண்டும் சினையாக இருந்தது. வலி குறைந்த நேரங்களில் அக்கா கேட்டதெல்லாம் அதற்குச் சோளத்தட்டு போட்டாயிற்றா என்பதுதான். அது கன்று போடுவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

கருமாதிக்கு முதல் நாள் மாடு கன்று போட்டது. வீடு நிறையச் சொந்தம் வந்திருந்தது. அம்மா பேரில் எல்லோருக்கும் ஒரு வாய் சீம்பால் கொடுக்கலாம் என்ற ஆசையில் அக்கா மகள் பெரிய போசியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். அங்கே வாசலை அடைத்துக்கொண்டு நங்கை உட்கார்ந்திருந்தார்.

"எனக்கே குடுக்காத உங்கம்மா, இவங்களுக்குக் குடுத்திருப்பாளா கண்ணு? போசியக் கொண்டுபோய் உள்ள வை" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

அக்காவின் மாட்டைக் காப்பாற்றிய டாக்டருக்கும், அன்று மூட்டை தூக்கி வந்த கம்பெனித் தோழர்களுக்கும், நோயில் துணை நின்றவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. கருமாதிக்கு வந்து, கன்றோடு நின்ற மாட்டைக் கண்ணால் பார்த்தும், ஒரு வாய் சீம்பால் இல்லாமல் வீடு திரும்பிய அத்தனை பேருக்கும் அக்காவின் சார்பில் தனியாக நன்றி. இந்த முறை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.