பாயில் படுத்த பிள்ளையை நான் காப்பாற்றிய கதை

ஒன்பது வருடமாகக் காத்திருந்த ஒரு பேய் நாவலின் இரண்டாம் பாகம் வந்துவிட்டது என்றதும் பாளையங்கோட்டையில் எங்கள் வாசகர் குழுவில் எல்லாருக்கும் ஒரே சந்தோஷம். எனக்கு மட்டும் சந்தோஷம் வரவில்லை. பேய்க்குப் பயந்து அல்ல, அம்மாவுக்குப் பயந்து.

முதல் பாகத்தின் கதை இதுதான். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் பழைய வீட்டுக்குக் குடிவரும் குடும்பம், மச்சில் சுருட்டிக் கிடந்த கோரைப்பாய் ஒன்றை எடுத்து விரிக்கிறது. அதில் படுத்து எழுந்தவர்கள் காலையில் வேறு யாரோ ஒருத்தியின் நடையில் நடக்கிறார்கள். கடைசி அத்தியாயத்தில் அந்த வீட்டு ஏழு வயதுப் பெண்பிள்ளை அந்தப் பாயில் தூங்கிப்போகிறது. அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. உலகம் முழுக்க முதல் பாகம் அப்படித்தான் முடிந்தது. எங்கள் தெருவில் மட்டும் வேறு மாதிரி முடிந்தது. அதற்குக் காரணம் நான்.

எங்கள் ஊர் முக்கூடலுக்குப் பக்கம். பீடி சுற்றாத வீடு அங்கே குறைவு. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அம்மாவும், எதிர்வீட்டில் இருக்கும் அத்தையும், பக்கத்து வீட்டு அக்காவும் எங்கள் வாசலில் தகரக் கொட்டகை நிழலில் மடியில் பீடித் தட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். அத்தை என்றால் அப்பாவின் கூடப் பிறந்த அக்கா. பக்கத்து வீட்டு அக்கா சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி. கை தன்பாட்டுக்கு இலையைச் சுருட்டித் தூளை அடைத்து நூலைக் கட்டும். காது சும்மா இருக்கும். பிளஸ் ஒன் படிக்கையில் அந்தச் சும்மா இருந்த காதுகளுக்குத்தான் நூலகத்தில் எடுத்த அந்த நாவலைத் தினமும் ஓர் அத்தியாயமாக வாசித்தேன்.

அதன் விளைவுகள் உடனே தெரிந்தன. அத்தை வீட்டில் இருந்த பாயையெல்லாம் சுருட்டி மாட்டுக்கொட்டகையில் போட்டுவிட்டு வெறும் சிமெண்டுத் தரையில் படுத்தாள். "விசுவாசிக்குப் பேய் கிடையாது தம்பி" என்று தினமும் சொல்லிவிட்டுக் கேட்க உட்காரும் அக்கா, பட்டப்பகலில் பின்கட்டுக் குழாயடிக்குப் போவதற்கு அம்மாவைத் துணைக்குக் கூப்பிட்டாள்.

கடைசி அத்தியாயத்தை வாசிக்கும்போது இரண்டு வரி முன்னால் என் கண் ஓடிவிட்டது. பிள்ளை போய்விட்டது என்று தெரிந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அம்மாவின் கை நின்றிருந்தது. அம்மாவின் கை நின்று நான் அதுவரை பார்த்ததில்லை. அவள் பக்கத்தில் என் தங்கச்சி பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அப்போது ஏழு வயது.

நான் புத்தகத்தைப் பார்த்தபடியே வாசித்தேன்: தாய்க்காரி திடுக்கிட்டு விழித்தாள், ஓடிவந்தாள், பிள்ளையைப் பாயிலிருந்து வாரி எடுத்தாள், பாயைச் சுருட்டித் தாமிரபரணியில் எறிந்தாள். பாய் அப்படியே மிதந்து புன்னைக்காயலில் கடலோடு கலந்தது என்றுகூடச் சேர்த்தேன். வர்ணனை கொஞ்சம் அதிகம்தான். புத்தகத்தில் இதில் ஒரு வரி கிடையாது.

"அப்படிப் போடு!" என்றாள் அத்தை. அக்கா ஸ்தோத்திரம் சொன்னாள். அம்மாவின் கை மறுபடி ஓடத் தொடங்கியது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தெருவுக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என் கைக்கு வந்துவிடும். "எம்மவன் உள்ளத உள்ளபடி படிப்பான்" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். இப்போதிலிருந்து இரண்டு வருடம் முன்பு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து பெரியாஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த இங்கிலீஷ் சீட்டையும் நான்தான் வாசித்துச் சொன்னேன். மாத்திரை இத்தனை, உப்பு குறைவு, பீடி அறவே கூடாது.

"பீடின்னு அதுல இருக்காது. அத நீயா சேத்துருப்ப" என்றார் அப்பா.

"இல்லாதத அவன் படிக்க மாட்டான்" என்றாள் அம்மா. வழக்கு அதோடு முடிந்தது. நாள் முழுக்கப் பீடி சுற்றுகிற வீட்டில் அப்பா ஒரு பீடி இல்லாமல் இரண்டு வருடத்தைத் தள்ளிவிட்டார். என் வாயில் இருந்து வருவது எழுத்தில் இருப்பதுதான் என்ற நம்பிக்கை ஒன்றைத் தவிர அதற்கு வேறு பிடிமானம் எதுவும் கிடையாது.

இப்போது இரண்டாம் பாகம் வந்திருக்கிறது. நான் இன்று பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர், ஊரிலிருந்துதான் தினமும் போய்வருகிறேன். வந்த வாரமே வாங்கி, பேருந்தில் போகவர வாசித்து முடித்தேன். அந்தச் செத்த பிள்ளைதான் இதில் பேய். பாய்க்குள்ளிருந்து "அம்மா, விடிஞ்சிட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. யாரையும் அது எதுவும் செய்வதில்லை, கேட்பதோடு சரி.

எங்கள் வாட்ஸ்அப் குழு இரண்டாகப் பிளந்துவிட்டது. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கொதித்துப்போனார். "பேய்னா பயம் வரணும் வே. இதப் பாத்தா மடியில தூக்கி வச்சு சோறு ஊட்டணும்போல இருக்கு. இதுக்கா ஒம்பது வருசம்?" வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மையார், பயத்தைவிடத் துக்கம் பெரிது என்று பதில் போட்டார். "அப்போ துக்கக் கதைன்னு அட்டையில போடச் சொல்லுங்க, நான் வாங்கியிருக்கவே மாட்டேன்" என்றார் ஆசிரியர். அவர் வாங்கியிருந்தது இரண்டு பிரதி. ஒன்று மருமகனுக்கு. இரண்டு கட்சியும் தனித்தனியாக என்னிடம் வந்து, "தம்பி, உங்க கருத்தச் சொல்லுங்க" என்றது. மூன்றாவதாக ஒரு கட்சி முக்கூடல் பக்கம் இருப்பதையும், அதற்கு முதல் பாகத்தின் முடிவே தெரியாது என்பதையும் நான் எப்படிச் சொல்வேன்?

பையில் இருந்த புத்தகத்தை அம்மா கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கு எழுத்து தெரியாது. அட்டையில் சுருட்டிய பாய்ப் படம் தெரிந்தது.

"ஏலே, இது அந்தப் பாய்க் கதல்லா? ஆத்தோட போன பாயி திரும்பி வந்துட்டா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று தட்டும் மூன்று மடியில் ஏறின. நான் வாசித்தேன். முதல் அத்தியாயத்தை எப்படியோ ஒப்பேற்றினேன். இரண்டாவதில் பாய் பேச ஆரம்பித்தது.

"யாரு பேசுதா?" என்றாள் அத்தை.

"ஒரு சின்னப் புள்ள."

"எந்தப் புள்ள?"

"இது வேற புள்ள, அத்தை."

"வேற புள்ள அந்தத் தாய்க்காரிய எதுக்கு அம்மான்னு கூப்பிடணும்?"

"பக்கத்து வீட்டுப் புள்ள. பழக்கத்துல..."

"நானும் இவனுக்குப் பக்கத்து வீடுதான். இவன் என்னைய அக்கான்னுதான கூப்பிடுதான்?" என்றாள் அக்கா.

மூன்றாவது அத்தியாயத்தில் தாய் தன் பிள்ளையைப் புதைத்த இடத்துக்குப் போகிறாள். அதை நான் சந்தைக்குப் போனதாக மாற்றினேன். சந்தையில் நின்று அவள் ஏன் அப்படிக் கதறி அழுகிறாள் என்று அத்தை கேட்டாள். தக்காளி விலை என்று சொல்லியிருப்பேன். ஆனால் அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புத்தகத்தை மூடினேன். "அந்தப் புள்ள முதல் பாகத்துலேயே செத்துப்போச்சு. ஆத்துல பாயை எறிஞ்சதெல்லாம் நானா சொன்னது" என்றேன்.

அத்தைதான் முதலில் சிரித்தாள். "எய்யா மருமவனே, அப்போ ஒம்பது வருசமா நான் தரையில படுத்து இடுப்பு போனது ஒன் கதைக்கா, எழுதுனவன் கதைக்கா?"

"பயந்ததெல்லாம் அவரு கதைக்கு. கடைசிப் பக்கம் மட்டுந்தான் என் கதை."

"அப்போ ஒன் கதைதான் தேவல. அதையே படி. அவன் எழுதுனது எழுதிட்டுப் போறான்."

"அது எப்பிடி?" என்று அக்கா மறித்தாள். "எழுதுன ஆளு எழுதுனதத்தான் படிக்கணும். வேதத்துல ஆண்டவருக்கு ஆணி அடிச்ச எடத்த நாம மாத்தியா படிக்கோம்?"

"ஏட்டி, இதும் அதும் ஒண்ணா?"

அவர்கள் அப்படி வாதாடிக்கொண்டிருந்தபோது உள்ளே கட்டிலில் படுத்திருந்த அப்பா எழுந்து வந்து வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு வருடத்தில் அவ்வளவு வேகமாக அவர் எழுந்து நான் பார்த்ததில்லை.

"பாத்தியாளா? நான் அன்னைக்கே சொன்னேன். ஆஸ்பத்திரிச் சீட்டுலயும் இவன் சேத்துத்தான் படிச்சிருக்கான். டாக்டரு பீடியப் பத்தி ஒரு எழுத்து எழுதலை."

"எப்பா, சத்தியமா அதுல இருக்கு."

"அந்தப் புள்ள பொழச்சதுகூட சத்தியமாத்தான் படிச்ச."

அம்மா தட்டை இறக்கி வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். அன்றைக்குச் சாயந்தரம் அப்பா பெட்டிக்கடைப் பக்கம் போய்விட்டு வந்தார். அவர்மேல் பீடி வாசனை வரவில்லை. ஆனால் சட்டைப் பையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் அம்மா மஞ்சப்பையில் அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு கிளம்பினாள். "நானும் வாரேன்" என்றேன். "நீ ஒண்ணும் வரவேண்டாம்" என்றாள். எத்தனையோ பரீட்சை எழுதியிருக்கிறேன். எதற்கும் அப்படி உட்கார்ந்து காத்திருந்ததில்லை. அலுவலகத்துக்கு அன்றைக்கு விடுப்புச் சொன்னேன். ஒருவேளை நான்தான் தப்பாக வாசித்துவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம் வர ஆரம்பித்தது. டாக்டர் கையெழுத்து வேறு, கோழி கிளறினது மாதிரி.

பதினோரு மணிக்கு அவள் திரும்பி வந்தாள். அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மெடிக்கல் கடை அண்ணாச்சிட்ட குடுத்தேன். இவன் படிச்சதுன்னு நான் சொல்லல. அவிய பாட்டுக்குப் படிச்சாவ. பீடி கூடாதுன்னு போட்டு, கீழ ரெண்டு கோடு போட்டிருக்காம். கோடு போட்டத இவன் சொல்லவே இல்ல." அப்பாவின் சட்டைப் பைக்குள் கைவிட்டு அங்கே இருந்த பீடியை எடுத்துத் தன் தட்டில் போட்டாள். "சீட்டுல இருந்ததுல கொறச்சுத்தான் படிச்சிருக்கான் உம்ம மவன்."

அப்பா சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோடு இரண்டு இருக்கிறதா என்று மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஏலே," என்று அம்மா என் பக்கம் திரும்பினாள். "இனிமே ஒனக்குத் தோணுனதச் சொல்லணும்னா, இது என் பேச்சுன்னு மொதல்ல சொல்லிட்டுச் சொல்லு. மத்தியானம் அந்த மொதப் பொஸ்தவத்த எடுத்துட்டு வா. கடைசியில என்ன எழுதியிருக்கோ அத அப்படியே படி."

முதல் பாகத்தின் பிரதி ஒன்று இப்போது என்னிடம் சொந்தமாகவே இருந்தது. வாசித்தேன். பிள்ளை தூங்குகிறது. தாய் கதவைத் திறந்து வைத்து வெயில் பாயின் மேல் விழுகிற வரை பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவ்வளவுதான். ஒன்றரைப் பக்கம். மூன்று தட்டிலும் கை நின்றுவிட்டது. நான் நிறுத்தாமல் முடித்தேன்.

"எழுதுனவனுக்குப் புள்ள குட்டி உண்டாலே?" என்றாள் அம்மா.

"தெரியலயேம்மா."

"இருக்காது. இருந்தா இப்படி எழுதக் கை வராது" என்றாள் அத்தை.

"இருக்கும்" என்றாள் அக்கா. "இருந்துதான் எழுதியிருக்கான்."

அம்மா இருவர் பக்கமும் சேரவில்லை. உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"ஏலே, வெயிலு விழுந்த எடத்த இன்னொருக்கா படி. இங்கன சரியா கேக்கல."